செவியின் விருப்பு

கண்ணாற் காண்பதனை மற்றொருவர்க்குச் சுட்டிக் காட்டலாம். செவியாற் கேட்பதனை அவ்வாறு சுட்டிக் காட்டுதல் அரிது. ஒரே ஓசையைக் கேட்ட இருவரும் அதனை ஒரே வகையாகவே கேட்டனர் என்று எவராலும் உறுதி கூற இயலாது. திருக்குறளிலே 'கேள்வி' என ஓர் அதிகாரமே அமைந்துள்ளது. அறிவுடையோர் சொற் கேட்டலே ஆங்குக் கருதப்படும் பொருள். ஆயினும், கேட்கப்படுவது சொல்லாயினும் இசையாயினும், கேட்டல் என்னும் செயல் செவியோடு முடிந்துவிடுவதில்லை என்பது யாவரும் உணர்ந்த உண்மையாகும்.

இக்காலத்து இளைஞரிடையே அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. எந்த ஹெட்போன் சிறந்தது என்பதே அது. கல்முனைக் கடைத்தெருவிலே சில நூறு ரூபாவுக்கும் காதிற் செருகிக் கேட்கும் கருவி கிடைக்கின்றது. வெளிநாட்டிலிருந்து இலட்சக் கணக்கிற் செலவிட்டுத் தருவிப்போரும் உளர். விலைக்கேற்ப ஓசையும் உயருமா? உயருமாயின், உயர்ந்த ஓசையை எல்லாச் செவிகளும் விரும்புமா? இவ்வினாக்கள் வெறும் பொழுதுபோக்குக்கு உரியன போலத் தோன்றினும், ஆராய்ந்து செல்லுமிடத்து மனித மனத்தின் ஆழ்ந்த பகுதியொன்றை அவை தொட்டு நிற்பதைக் காணலாம்.

மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலே கேட்டல் என்பது நெடுங்காலமாகக் கூட்டுச் செயலாகவே இருந்து வந்தது. 1967 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய இலங்கை வானொலியை அக்காலத்தில் ஒருவர் தனித்திருந்து கேட்டாரல்லர், வீடே கேட்டது, சில வேளைகளில் அயல்வீடும் கேட்டது. நோன்பு காலத்து இரவுகளில் முஸ்லிம் சேவையின் ஒலி ஒரு வளவிலிருந்து மறு வளவுக்குத் தொடர்ந்து செல்லும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற நாட்களிலே பக்கீர் பாவாக்களின் றபான் ஒலியை நூற்றுக்கணக்கானோர் ஒன்றாய் நின்று கேட்பர். 2015 இல் மறைந்த நாகூர் ஈ.எம். ஹனீபாவின் குரல் கலியாண வீட்டு ஒலிபெருக்கியிலிருந்து தெரு முழுவதும் பரவியது. குழல் வடிவான அவ்வொலிபெருக்கி நடுத்தர ஓசைகளை மாத்திரமே உரத்து எழுப்ப வல்லது. தாழ்ந்த ஓசைகள் அதில் எழுவதில்லை; மிக உயர்ந்த ஓசைகளும் தெளிவாய் வருவதில்லை. எனினும் அக்கரையோரத்து மக்களுட் பலருக்கு ஹனீபாவின் 'உண்மையான' குரல் அக்குழலிலிருந்து வந்த குரலேயாம். துல்லியமான கருவியில் அதே பாடலைக் கேட்கும்போது ஏதோ குறைவதாய் அவர்கள் உணர்வார்களாயின், அதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

கூட்டாகக் கேட்ட செவி தனித்துக் கேட்கத் தொடங்கிய வரலாறும் ஈண்டு நோக்கற்பாலது. 1910 அளவில் அமெரிக்கரான நதானியேல் போல்ட்வின் தம் கையாற் செய்த காதொலிக் கருவிகளை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. அன்று அது செய்தி கேட்கும் கருவி மாத்திரமே. 1958 இல் ஜோன் கொஸ் இசை கேட்பதற்கென இருசெவிக்கும் தனித்தனி ஓசை வழங்கும் ஹெட்போனை வெளியிட்டார். 1979 இல் சோனி நிறுவனத்தின் வோக்மன் வந்த பின்னரே அது தெருவிலும் பேருந்திலும் மனிதரோடு நடமாடத் தொடங்கிற்று. அந்த முதல் வோக்மனில் இருவர் ஹெட்போன் செருகிக் கேட்பதற்கென இரு துளைகள் இருந்தன. கேட்டுக்கொண்டே ஒருவரோடொருவர் பேசுவதற்கு ஒரு பொத்தானும் இருந்தது. தனித்துக் கேட்டல் பிறரை அவமதிப்பதாகும் என்று அந்நிறுவனத்தின் தலைவர் அக்கியோ மொரிட்டா கருதியமையே அதற்குக் காரணம். ஆனால் மக்கள் தனித்துக் கேட்பதையே விரும்பினர். பின்வந்தவற்றில் அப்பொத்தான் மறைந்தது; இரண்டாவது துளையும் மறைந்தது.

கல்முனைக் கரையோரத்துக்கு இக்கருவிகளைக் கொண்டு வந்தோருட் பலர் மத்திய கிழக்கு நாடுகளிற் தொழில் செய்து மீண்டோராவர். அவர்கள் கொண்டுவந்த ஒலிநாடாப் பெட்டிகள் பாட்டுக் கேட்பதற்கு மாத்திரம் பயன்படவில்லை. எழுதப் படிக்க அறியாத தாய்மார் தம் குரலை நாடாவிற் பதிந்து கடல் கடந்த பிள்ளைகளுக்கு அனுப்பினர். பிள்ளைகளும் அவ்வாறே மறுமொழி அனுப்பினர். கடிதத்தின் இடத்தைக் குரல் பெற்ற காலம் அது.

இனி, ஓசையின் தரம் பற்றி விஞ்ஞானம் கூறுவதைக் காண்போமாயின், செவி ஒரு நடுநிலையான அளவுகோல் அன்று என்பதே முதற் பாடமாகும். 1933 இல் பிளெச்சர், மன்சன் என்னும் இருவர், சமமான வலிமையுள்ள ஓசைகளும் அதிர்வெண் வேறுபடுமிடத்து மனிதச் செவிக்குச் சமமாய்க் கேட்பதில்லை என நிறுவினர். ஒலியளவு குறையக் குறையத் தாழ்ந்த ஓசைகள் விரைவிற் செவிக்கு மறைகின்றன. ஆகவே இரு ஹெட்போன்களை ஒப்பிடுபவன் இரண்டின் ஒலியளவையும் முதலிற் சமப்படுத்தல் வேண்டும். இன்றேல் சற்று உரத்து ஒலிப்பதே சிறந்தது என்று அவன் செவி தீர்ப்பளித்துவிடும். மேலும் காதுமடலும் காதின் துளையும் ஏறத்தாழ 3000 ஹேர்ட்ஸ் அளவிலுள்ள ஓசைகளை இயல்பாகவே மிகுவிக்கின்றன. காதுகளின் வடிவமோ ஆளுக்காள் வேறானது. ஒரே ஹெட்போன் இருவர் தலையில் ஏறும்போது அது இரு வேறு கருவிகளாகிவிடுகின்றது எனலாம்.

2012 முதலாக ஹார்மன் நிறுவனத்தின் ஷோன் ஒலிவ், டொட் வெல்டி ஆகியோர் எந்த ஹெட்போன் என்பதைக் கேட்போருக்குத் தெரிவிக்காமலே அவர்தம் விருப்பை ஆராய்ந்தனர். நல்லதோர் அறையில் வைத்த தரமான ஒலிபெருக்கிகளை ஒத்த ஓசையையே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினர். எஞ்சியோருட் சிலர் தாழ்ந்த ஓசை இன்னும் மிக வேண்டினர். வேறு சிலர் அது குறைதல் வேண்டினர். குறைய வேண்டியோருள் ஐம்பது வயதைக் கடந்தோர் கூடுதலாகக் காணப்பட்டனர். 2017 இல் ஜெரோன் பிரேபார்ட் என்பார் 283 ஹெட்போன்களை அளந்து, அவற்றின் அதிர்வெண் இயல்புக்கும் விலைக்கும் தொடர்பில்லை எனக் காட்டினார். விலை, செய்நேர்த்திக்கும் பெயருக்கும் உரியதாயிருக்கலாம். ஓசைக்கு அது பிணை அன்று.

இவ்வாய்வுகளையெல்லாம் கற்றிருந்த மருதமுனை இளைஞன் ஒருவன், பல்கலைக்கழக விடுமுறையின்போது நண்பனொருவனிடம் இரவலாகப் பெற்ற சென்ஹைசர் எச்.டி. 600 ஹெட்போனையும், கைத்தொலைபேசியோடு வந்த சிறிய கருவியையும் ஒப்பிட முனைந்தான். எச்.டி. 600 என்பது 1997 இல் வெளிவந்தது; இன்றும் பலர் ஓசைக்கு உரைகல்லாகக் கொள்வது. அது புறம் திறந்த அமைப்புடையது. உள்ளிருக்கும் ஓசை வெளியே செல்லும். வெளியிலுள்ள காற்றாடியின் இரைச்சலும் பிரதான வீதியின் இரைச்சலும் உள்ளே வரும். மூடிய அமைப்புடையதோ இரைச்சலைத் தடுக்கும். ஆயின் கரையோரத்து வெக்கையில் அரைமணி நேரத்திற் காதுகளை வியர்க்கச் செய்துவிடும்.

முதலில் அவன் கிராஅத் கேட்டான். 1988 இல் மறைந்த எகிப்தியக் காரி அப்துல் பாஸித் அப்துஸ் ஸமதின் ஓதல் அது. வாத்தியம் ஏதுமற்ற தனிக்குரல் ஆதலின் ஹெட்போனின் குற்றங் குறைகள் அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. 'ஸீன்', 'ஸாத்' என்னும் எழுத்துகளின் வேறுபாடு விலையுயர்ந்த கருவியில் தெளிவாய்த் தெரிந்தது. நீண்ட மூச்சின் முடிவில் நெஞ்சு மீண்டும் காற்றை இழுக்கும் ஓசையும் கேட்டது. அதனோடு பழைய பதிவின் இரைச்சலும் சேர்ந்தே கேட்டது. சிறிய கருவியோ குரலைத் தடிப்பித்தது, எழுத்துகளை மழுக்கியது, ஆயின் இரைச்சலையும் மறைத்தது. கருவி உயருந்தோறும் பதிவின் குறையும் வெளிப்படும் என்பதை அவன் அன்று கண்டான்.

அடுத்து அவன் கேட்டது ஒரு பழைய நாடாவின் பிரதி. 1986 இல் அவனுடைய வாப்பா சவூதி அரேபியாவிற் தொழில் செய்த காலத்தில், அவருடைய உம்மா பதிந்து அனுப்பிய பேசுங் கடிதம் அது. அக்கிழவி வாழ்ந்த வீடு மருதமுனைக் கடற்கரையோரம் இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடற்பேரலை வந்தபோது வீடும் போயிற்று; அவரும் போனார். இலங்கையில் அன்று மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. நாடா மாத்திரம், சம்மாந்துறையில் உறவினர் வீட்டில் இருந்தமையால், எஞ்சிற்று.

வீட்டிலிருந்த பழைய ஒற்றை ஒலிபெருக்கிப் பெட்டியில் அந்நாடாவை அவன் பலமுறை கேட்டிருந்தான். அதிற் கேட்டது ஒரு முதிய பெண்ணின் குரல் மாத்திரமே. ஹெட்போனிலோ அக்குரலைச் சூழ ஒரு வீடே எழுந்தது. கிணற்றுக் கப்பி கிரீச்சிட்டது, காகம் கரைந்தது, எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது, பேசத் தயங்கிய உம்மாவுக்கு அருகிலிருந்த ஒருவர் மெல்லச் சொல் எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் அடியில் கடல் ஓயாது இரைந்தது. கைக்குழந்தையாய் இருந்தபோது இழந்த வீட்டுக்குள் அவன் முதன்முறையாக நடந்தான்.

அவ்வியப்பைப் பகிர்ந்துகொள்ள எண்ணி ஹெட்போனை வாப்பாவின் காதில் அணிவித்தான். சவூதியிலிருந்து மீண்டபின் நெடுங்காலம் மின்தறிகளுக்கிடையே நின்று நெசவு செய்தவர் அவர். அவர் கண்மூடிச் சிறிது நேரம் கேட்டார். ஒரு நிமிடமும் ஆகவில்லை. கழற்றிக் கையிற் கொடுத்துவிட்டார்.

"அந்தப் பெட்டியில உம்மா கிட்ட இருந்து பேசுவா. இதில தூரமாப் போயிட்டா, மகன்."

இளைஞன் தான் கற்றவற்றால் இதற்கு விளக்கம் கண்டான். தறியின் ஓசையும் வயதும் உயர்ந்த ஓசைகளைக் கேட்கும் ஆற்றலைக் குறைத்துவிட்டன. பழைய பெட்டியின் சிறிய ஒலிபெருக்கி நடுத்தர ஓசைகளையே முன்னே தள்ளுவதால் குரல் நெருக்கமாய்த் தோன்றுகிறது. இங்கோ தாழ்ந்த ஓசைகள் அதனை மூடுகின்றன. இவ்விளக்கம் பிழையானதன்று. தாழ்ந்த ஓசையைக் குறைத்துத் தந்தால் சரியாகிவிடும் என்று அவன் கூறினான். வாப்பா தலையசைத்தார்.

"கடல் கேக்குது" என்றார். பின்னர் எழுந்து சென்றார்.

பழைய பெட்டி தாழ்ந்த ஓசைகளை எழுப்ப வலிமையற்றது. அவ்வலிமையின்மையே இத்தனை ஆண்டுகளாக ஒரு மகனுக்குத் தன் தாயைக் கடலினின்று பிரித்துக் கொடுத்து வந்தது. எந்த ஆய்வுகூடத்தின் வரைபும் அதனை ஒரு சிறப்பு எனக் குறிக்க மாட்டாது. அவருக்கோ அதைவிடச் சிறந்த ஓசை வேறொன்றில்லை. மகனுடைய விருப்பும் தவறானதன்று. குரலை அவன் முன்னரே பெற்றிருந்தான். அவன் வேண்டியது வீடு. ஒருவர் எதை நீக்கிக் கேட்க விரும்பினாரோ அதனையே மற்றவர் தேடிச் சென்றார். இருவரும் ஒரே நாடாவைக் கேட்டனர். ஒரே பொருளைக் கேட்டாரல்லர்.

ஆதலின் எது சிறந்த ஹெட்போன் என வினவுமுன், எதனைக் கேட்பதற்கு, எவருடைய செவிக்கு என்று வினவுதல் முறையாகும். அளவீடு பொய்யன்று. கருவியின் குற்றத்தையும் வணிகரின் மிகையுரையையும் அளவீடே வெளிப்படுத்தும். ஆனால் கருவி எதனைத் தருகின்றது என்பதற்கு அப்பால், தந்ததில் எதனைச் செவி ஏற்கும் என்பதை அது கூற மாட்டாது. விருப்பு என்பது செவியின் வடிவால் மாத்திரம் அமைவதன்று. அச்செவி யாரோடிருந்து, எந்த வீட்டில், எந்த இழப்புக்குப் பின்னர்க் கேட்கின்றது என்பதாலும் அமைவது.

இதனோடு இரு கடமைகளும் எஞ்சி நிற்கின்றன. செவியைக் காத்தல் ஒன்று. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்க்கு 80 டெசிபலே எல்லை என உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019 இல் வகுத்துள்ளன. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கத்தகும் நேரம் பாதியாகக் குறைகின்றது. தறிக்கு முன் நின்றவர் பிழைப்புக்காகச் செவியை இழந்தார். இளைஞர் அதனை வீணே இழத்தல் தகாது. மற்றையது, குரல்களைக் காத்தல். அலையிற் போகாது எஞ்சிய நாடாக்கள் இன்றும் சில வீடுகளின் அலுமாரிகளிற் கிடக்கின்றன. உப்புக் காற்றும் ஈரமும் பூஞ்சணமும் அவற்றை நாள்தோறும் அரிக்கின்றன. அவற்றைப் பிரதி செய்யும்போது இரைச்சலைத் துடைத்து, பின்னொலிகளை வெட்டிக் குரலை மாத்திரம் எடுத்துவைத்தல் எளிது. முழுவதையும் அவ்வாறே பதிந்து வைத்தலே நன்று. எதனை நீக்கிக் கேட்பது என்பதைக் கேட்பவர் தீர்மானித்துக்கொள்வார்; கடலும் கிணறும் காகமும் இன்னொரு செவிக்குத் தேவைப்படும்.