எண்ணெய் வற்றினால் திரி கருகும்

"இதென்ன, குடும்பப் பெண்கள் படிக்கிற பத்திரிகையிலே புகை சமாசாரம்?" என்று முகம் சுளிக்காதீர்கள். சுளிப்பதில் நான் உங்களுக்கெல்லாம் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக ஒரு மனிதரின் சட்டையிலும் தலையணை உறையிலும் ஏறிய சிகரெட் நாற்றத்தைத் துவைத்துத் துவைத்து அலுத்துப் போன கை இது.

நாங்கள் மதுரைக்காரர்கள். பிழைப்புக்காக லண்டன் ஈஸ்ட்ஹாமில் குடியிருக்கிறோம். 2023-ல் என் கணவருக்கு விடாத இருமல். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்போது நிறுத்தினால் நுரையீரல் பிழைக்கும், அப்புறம் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பிளாஸ்டரும் சூயிங்கமும் முன்பே இரண்டு தரம் முயன்று தோற்றவர் இவர். அந்த வருஷம் ஏப்ரலில்தான் இங்கிலாந்து அரசாங்கம், 10 லட்சம் புகைபிடிப்பவர்களுக்கு சிகரெட்டுக்குப் பதிலாக மின்சிகரெட் கொடுப்பதாக அறிவித்திருந்தது. எங்கள் வட்டாரத்துப் புகை நிறுத்தும் நிலையத்தில் இவருக்கும் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். 'வேப்' என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அதுதான்.

ஒரு விஷத்தை விட இன்னொன்றா என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் 2019-ல் லண்டன் குவீன் மேரி சர்வகலாசாலைக்காரர்கள் செய்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றி நர்ஸம்மா எடுத்துச் சொன்னாள். 886 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மின்சிகரெட்டும் மற்றதற்கு பிளாஸ்டர், சூயிங்கம் வகையறாவும் கொடுத்தார்களாம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவில் நூற்றுக்கு 18 பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். மற்றதில் 10 பேர்தான். சரி, நடக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

தொல்லை ஆரம்பித்தது மூன்றாவது வாரத்தில்.

காலையில் டாங்க் நிறைய ஊற்றிக்கொண்டு கிளம்பும்போது மாம்பழ வாசனை தெருக்கோடி வரை அடிக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முகம் கடுகடு. "நல்லாவே இல்லம்மா. டாங்க் பாதிக்குக் கீழே போனா ஒரே கருகல் வாடை, தொண்டையிலே முள்ளு குத்துற மாதிரி இருக்கு. இதுக்கு ஒரு சிகரெட்டே தேவலை" என்பார். சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மூலைக்கடையில் பாக்கெட்டே வாங்கி வந்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு கெட்ட ருசிக்காக இந்த மனிதர் மறுபடி பழைய பள்ளத்தில் விழுவதா?

அந்தச் சாமானைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். பார்த்தால், அட, நம் வீட்டு விளக்குதான்! அடியில் பாட்டரி. மேலே கட்டைவிரல் அளவுக் கண்ணாடி டாங்க். 2 மில்லிக்கு மேல் பிடிக்கக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். நடுவில் ஒரு சின்னக் கம்பிச்சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. அந்தப் பஞ்சுக்குத் திரவம் போக நாலு துவாரம். திரவம் என்பது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைச் சரக்கு எல்லாம் கலந்தது. பஞ்சு திரவத்தை உறிஞ்சும், கம்பி சூடேறும், ஆவி வரும். நெருப்பில் எதுவும் எரிவதில்லை. அதனால் சிகரெட்டின் தார் இதில் கிடையாது.

இனி விஷயம் உங்களுக்கே புரிந்திருக்கும். அம்மா காலத்துத் திரி ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டால் என்ன ஆகும்? அதுவரை எண்ணெயைக் குடித்து எரிந்த திரி, எண்ணெய் கிடைக்காமல் தானே கருக ஆரம்பிக்கும். இதுவும் அப்படித்தான். திரவ மட்டம் அந்தத் துவாரங்களுக்குக் கீழே இறங்கிவிட்டால், பஞ்சு காயத் தொடங்கும். ஈரம் இருக்கும் வரையில் கம்பியின் சூடெல்லாம் திரவத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். உலையில் தண்ணீர் இருக்கும் வரை சோறு கருகுவதில்லை பாருங்கள், அதுபோல. தண்ணீர் வற்றியதும் அடிப்பிடிக்கிறது. இங்கே அடிப்பிடிப்பது பஞ்சும் கிளிசரினும்.

கிளிசரின் அளவுக்கு மீறிச் சுட்டால் அக்ரோலீன் என்ற காட்டமான பொருளாக மாறுகிறது. அது என்ன என்று தேடிப் பார்த்தவள், அசந்து போனேன். வடை சுடும்போது எண்ணெய் காந்திப் புகைந்து, கண் எரிந்து தொண்டை கமறுமே, அந்தக் கமறலே இந்த அக்ரோலீன்தான். அப்போது நாம் என்ன செய்வோம்? அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறப்போம். இவரோ அதை நெஞ்சுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்!

ஃபார்மால்டிஹைடு என்ற விஷமும் இப்படி அதிகச் சூட்டில்தான் உண்டாகிறது. 2015-ல் அமெரிக்காவில் போர்ட்லண்டு சர்வகலாசாலையார் சோதித்தபோது, 3.3 வோல்ட்டில் அது தட்டுப்படவில்லை; 5 வோல்ட்டில் ஏராளமாக வந்தது. கிரேக்க நாட்டு டாக்டர் ஃபார்சலினோஸ் அதே வருஷம் பழக்கப்பட்டவர்களை வைத்தே பார்த்தார். இந்த விஷப் பொருள்கள் பல மடங்கு ஏறும் நிலையில், இழுத்தவர்களுக்கு அந்தக் கருகல் ருசியும் தெரிந்தது. ஆக, இவர் நாக்கு வீம்புக்குக் குறை சொல்லவில்லை, அபாயமணி அடித்திருக்கிறது. ருசி நன்றாக இருந்தால் கெடுதலே இல்லை என்று மட்டும் அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள்.

டாங்கின் அடியில் நிற்கும் மிச்சத்துக்கு வேறு வியாதிகளும் உண்டு. புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதிப்பது, கிளிசரின் 290-ல். சீக்கிரம் போவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. கெட்டியான திரவம் பஞ்சில் மெள்ளத்தான் ஏறும். திரும்பத் திரும்பச் சூடுபட்டுக் காற்றும் படுவதால் நிக்கோட்டின் பழுப்பாகி, திரவம் நீர்த்த டீ நிறத்துக்கு வந்துவிடும். இவருக்கோ தித்திப்பு ஜாஸ்தி வேண்டும். அந்தத் தித்திப்புச் சரக்கு கம்பியிலே பாகு முறிந்த மாதிரி கறுப்பாகப் படிந்திருந்தது. அப்புறம் எந்த மாம்பழம் ருசிக்கும்? ஒரே வாசனையை நாள் முழுக்க இழுத்தால் நாக்கும் மரத்துப்போகும், அது வேறு.

மறுநாளிலிருந்து அந்த டாங்க் என் பொறுப்பு. பூஜை விளக்குக்கு எண்ணெய் விடுகிற மாதிரி, இதற்கு ஊற்றுவதற்கு எனக்குக் கூசத்தான் செய்தது. இருந்தாலும் மூலைக்கடை பாக்கெட் கண்முன்னே வந்து நிற்குமே! துவாரத்துக்குக் கீழே இறங்க விடாமல் மத்தியானம் ஒரு தரம் ஊற்றிக்கொள்ளச் சொல்லி, சின்னப் பாட்டிலை சாப்பாட்டுப் பையில் வைத்தேன். பத்து நாளைக்கு ஒரு தரம் புதுச் சுருள். மாட்டியவுடன் இழுக்கக்கூடாது, பஞ்சில் சில சொட்டு விட்டு, டாங்கையும் நிரப்பி, பத்து நிமிஷம் ஊறவைக்க வேண்டும். தித்திப்பை விட்டுப் புதினாவுக்கு மாற்றினோம். கருகல் போயிற்று. சிகரெட் பாக்கெட் அதற்கப்புறம் வீட்டுக்குள் வரவில்லை. படி ஏறும்போது நடுவில் நிற்பதும் குறைந்தது.

சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் திரவம் பழ மிட்டாய் மாதிரி மணக்கும்; உள்ளே இருப்பதோ நிக்கோட்டின். சிறிதளவு குடித்தாலே குழந்தைக்கு வாந்தியும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்து. என் தங்கை தன் ஒன்றரை வயதுப் பயலைத் தூக்கிக்கொண்டு வருகிற நாளெல்லாம் பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டிவிடுவேன். கையில் கொட்டினாலும் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். புகைபிடிக்காத பிள்ளைகள் 'சும்மா வாசனைதானே' என்று தொடுவதற்கு இதில் எந்த நியாயமும் கிடையாது. எங்கள் காலேஜ் பையனிடம் கண்டிப்பாகவே சொல்லிவிட்டேன்.

2025 தை மாசம் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு மதுரை போக வேண்டியிருந்தது. இந்தியாவில் 2019-லேயே சட்டம் போட்டு மின்சிகரெட்டைத் தடுத்துவிட்டார்கள். செய்வது, விற்பது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது எல்லாமே குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை ஜெயிலோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். "பெட்டியிலே ஒரு ஓரமா வச்சுக்கட்டுமா?" என்று இவர் இழுத்தார். "ஏங்க, கல்யாணத்துக்குப் போறோமா, கோர்ட்டுக்குப் போறோமா?" என்றேன். வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

எனக்கு உள்ளுக்குள் உதறல். மண்டபத்து வாசலில் பழைய சிநேகிதர்கள் சூழ்ந்துகொண்டு, "டேய், சீமைக்குப் போனதும் சிகரெட்டை மறந்துட்டியா?" என்று பாக்கெட்டை நீட்டினார்கள். இவர் மருந்துக்கடையில் வாங்கிய 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கத்தை எடுத்துக் காட்டிவிட்டு மென்றார். பன்னிரண்டு நாளும் அதிலேயே ஓடியது. அங்கேதான் எனக்கு ஒரு யோசனை. பன்னிரண்டு நாள் இல்லாமல் இருக்க முடிந்தவருக்கு அது எதற்கு ஆயுசுக்கும்? குவீன் மேரி ஆராய்ச்சியிலேயே, மின்சிகரெட்டால் விட்டவர்களில் நூற்றுக்கு 80 பேர் ஒரு வருஷம் கழித்தும் அதைக் கையிலேயே வைத்திருந்தார்கள். அந்த 80-ல் இவரும் ஒருவராக இருக்க வேண்டுமா?

திரும்பி வந்ததும் நர்ஸம்மாவிடம் கேட்டோம். "அவசரப்படாதீர்கள், சிகரெட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது, அதுதான் முக்கியம்" என்று சொல்லி, படிப்படியாக இறக்கச் சொன்னாள். மில்லிக்கு 18 மில்லிகிராமில் ஆரம்பித்தவர், 12, 6 என்று இறங்கி இப்போது 3-ல் இருக்கிறார். டாங்கைக் காலையில் ஒரு தரம் நிரப்பினால் மறுநாள் சாயங்காலம் வரை வருகிறது. மத்தியானப் பாட்டிலைச் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்துவிட்டேன்.