திரைக்குப் பின்னால் இருந்த பாலாவி

வளர்ந்த மனிதனொருவன், அதுவும் பத்திரிகையில் பெயர் போட்டு எழுதுகிறவன், மாலை வேளைகளில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பொம்மைக் கோச்சி ஓட்டுகிறான் என்ற செய்தி எங்கள் பகுதியில் முதன்முதலாகப் பரவியபோது, என் சுகம் விசாரிக்க இருவர் வீடு தேடி வந்தார்கள். ஒருவர் என் மனைவியிடம் தாழ்ந்த குரலில், "தம்பிக்கு வேலையில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டிருக்கிறார். மற்றவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். அரை மணிநேரம் நின்றார். மறுநாள் தமது பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தார். பேரன் ஒரு சாக்குத்தான் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

2006 ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பரொருவர் கொண்டுவந்து தந்த பழைய அட்டைப்பெட்டியில் தொடங்கிய கதை இது. அதற்குள் ஹோர்ன்பி நிறுவனத்தின் சிறிய நீராவி எஞ்சின் ஒன்று, மூன்று பெட்டிகள், ஒரு நீள்வட்டத் தண்டவாளம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் 12 வோல்ட் மின்கருவி ஆகியன இருந்தன. கருவியின் பிளக் எங்கள் சுவரிலிருந்த வட்டத் துளைகளுக்குள் போகவில்லை. அதற்கொரு மாற்றியைத் தேடிப் புத்தளம் நகரக் கடைகளில் ஏறி இறங்கியதுதான் இந்தப் பொழுதுபோக்குக்காக நான் பட்ட முதல் அலைச்சல்.

ஹோர்ன்பி என்பவர் லிவர்பூல்காரர். மெக்கானோ என்ற, துளையிட்ட உலோகத் துண்டுகளைப் பூட்டி விளையாடும் விளையாட்டை உலகுக்குத் தந்தவரும் அவரே. 1920 இல் சாவி கொடுத்து ஓட்டும் ரயில்களை விற்கத் தொடங்கினார். அவருக்கு முன்பே, 1891 இல், மார்க்ளின் என்ற ஜேர்மன் நிறுவனம் லைப்சிக் சந்தையில் பொம்மைத் தண்டவாளங்களுக்கு ஓர் அளவுமுறையை அறிமுகம் செய்துவிட்டது. அதன்பின் ஒரு பெட்டியில் வாங்கியதை இன்னொரு பெட்டியில் வாங்கியதோடு இணைக்க முடிந்தது. பொம்மை மெல்ல மெல்ல ஒரு சிற்றுலகமாக வளர்ந்தது. ஹம்பேர்க் நகரில் 2001 இல் இரட்டைச் சகோதரர்கள் திறந்த சிற்றுலகில் இன்று 15 கிலோமீற்றருக்கும் அதிகமான தண்டவாளம் இருக்கிறது. நமது பக்கத்தில், புனே நகரில், ஜோஷி குடும்பத்தினரின் சிறு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் பார்வையாளர்களை வரவேற்று வருகிறது. எனக்கு வாய்த்ததோ 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை ஒன்று.

இதில் அளவு என்பது பெரிய விடயம். எனது ரயில்கள் 'டபிள் ஓ' என்ற அளவைச் சேர்ந்தவை. உண்மையான பொருளின் 76 இல் ஒரு பங்கு. ஆனால் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர் மட்டுமே. இலங்கையின் அகலப் பாதை ஐந்தரை அடி. கணக்குப் பார்த்தால் அது 22 மில்லிமீற்றராக இருக்கவேண்டும். எனவே எங்கள் வீட்டுக் கோச்சி, மெலிந்த கால்களில் நிற்கும் பருத்த மனிதரைப் போலத்தான் தோன்றும். என் 8 அடிப் பலகையோ உண்மை உலகில் 186 மீற்றர் நிலத்துக்குத்தான் சமன். மதவாச்சியிலிருந்து தலைமன்னார் துறைவரையான ஏறத்தாழ 106 கிலோமீற்றர் பாதையை இதே அளவில் முழுமையாக அமைக்க விரும்பினால் 1.4 கிலோமீற்றர் நீள மேசை தேவை. ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடும் எவரும் முதலில் கற்றுக்கொள்வது எதை விடுவது என்பதைத்தான்.

நான் எதை வைத்தேன், எதை விட்டேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் மன்னார்த் தீவில் பிறந்தவன். 1914 இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை ஒருகாலத்தில் கப்பலோடு சேர்ந்து கொழும்பையும் சென்னையையும் இணைத்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் அந்த இணைப்பு பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. என் சிறுவயதில் தலைமன்னார் மெயில் என்றால் எங்களுக்கு வாப்பாவின் கருவாட்டுப் பொதிகள்தான். மாலையில் பொதிகளை நிலையத்துக்கு ஏற்றிச் செல்வார். நானும் வண்டியில் தொற்றிக்கொள்வேன். கார்ட் பெட்டிக்குள் பொதி ஏறி முடியும்வரை வாப்பா யாருடனும் பேசமாட்டார். ஏறி முடிந்ததும் எனக்கொரு பிளேன்ரீ வாங்கித் தருவார்.

1990 இல் அந்தப் பாதையில் ரயில் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில், வட மாகாணத்தின் முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் தமது ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து நாங்கள் வள்ளங்களில் கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம். எனக்கு அப்போது 20 வயது. அதைப் பற்றிப் பத்திரிகையில் பலமுறை எழுதிவிட்டேன். இங்கே மீண்டும் எழுதப்போவதில்லை. சில காலம் ஓலைக் கொட்டிலில் இருந்து, பிறகு பாலாவியில் உப்பளங்களுக்குச் சமீபமாக ஒரு துண்டுக் காணியில் வீடு கட்டிக்கொண்டோம். நான் பேராதனையில் பட்டம் முடித்து, கொழும்பில் பத்திரிகையில் சேர்ந்தேன். வாரந்தோறும் பாலாவி நிலையத்தில் ஏறி, முந்தல், சிலாபம், நீர்கொழும்பு என்று நான்கு மணிநேரத்துக்கும் மேலாக ஆடி அசைந்து கோட்டைக்குப் போய் வந்தேன். 1926 இல் புத்தளத்தை எட்டிய இந்தப் பாதைதான் என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. ஆனாலும் எந்தப் படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்தைக் கண்டாலும் என் பேனா மன்னார் என்றே எழுதியது.

ஆகவே மேசையில் நான் அமைத்தது மன்னார் நிலையம். ரிஜிபோமை அறுத்து மேடை செய்தேன். சவர்க்காரப் பெட்டி அட்டையில் கட்டடம் செய்தேன். நண்பரின் பிரித்தானிய எஞ்சின் எங்கள் பாதைக்கு அந்நியமாய் இருந்ததால், இன்னொரு பழைய எஞ்சினின் அடிப்பாகத்தை வாங்கி, அதன்மேல் அட்டையால் எம்2 டீசல் எஞ்சின் ஒன்றின் உடலைக் கட்டினேன். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954 முதல் எங்களுக்குத் தந்த அந்த எஞ்சின்களுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. புலம்பெயர்ந்து அங்கே வாழும் வாசகர்களுக்கு இது புதினமாக இருக்கலாம். பின்னர் வந்த 628 ஆம் இலக்க எஞ்சினின் பெயர் காங்கேசன்துறை. 1990 இலிருந்து 2015 வரை காங்கேசன்துறைக்கு ரயிலே போகவில்லை. அந்தப் பெயரைத் தாங்கிய எஞ்சின் தெற்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. எனது அட்டை எஞ்சினுக்கு 628 என்று இலக்கம் எழுதியதற்கு வேறு காரணம் தேவையில்லை.

வாப்பா அறைக்கு வெளியே நின்றே பார்ப்பார். ஒருநாள் உள்ளே வந்து, "கைகாட்டி மரம் இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாற்றினேன். பிறகு வந்து, கழுதைகள் எங்கே என்று கேட்டார். ஆங்கிலேயக் கடைகளில் மாடும் ஆடும் குதிரையும் கிடைக்கும். மன்னார் நகரத்துத் தெருக்களில் திரியும் கழுதை கிடைக்காது. என் மகள் களிமண்ணில் ஆறு கழுதைகள் செய்து தந்தாள். அவற்றில் ஒன்றுக்குக் காது மூன்று.

ரயில் ஓட்டும் இன்பத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எடுத்த எடுப்பில் வேகமாகச் சுற்றவிடுவதில் ஒன்றுமில்லை. பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். நிலையத்தில் நிற்கும் வண்டியை, அசைவதே தெரியாமல் அசையச் செய்து, மேடையின் நுனியில் பிசகாமல் கொண்டுவந்து நிறுத்துவதில்தான் கலை இருக்கிறது. அதற்குத் தண்டவாளம் துப்புரவாக இருக்கவேண்டும். இந்தக் கரையிலோ கச்சான் காற்று தொடங்கினால் உப்பு ஈரம் எல்லாவற்றிலும் படியும். தண்டவாளமும் சக்கரங்களும் கறுத்து, மின்சாரம் ஏறாமல் எஞ்சின் விக்கி விக்கி நிற்கும். வாரம் ஒருமுறை ஸ்பிரிட் நனைத்த துணியால் தண்டவாளம் முழுவதையும் துடைக்கவேண்டும். மூட்டுகளில் மின்சாரம் குறையாதிருக்க ஒவ்வொரு மூன்று அடிக்கும் அடியிலிருந்து வயர் எடுத்துப் பற்றாசு வைத்தேன். முற்றத்து மணலைச் சலித்துத் தண்டவாளத்தருகே தூவிய முதல் வருடம் மணலிலிருந்த உப்பே தண்டவாளத்தைத் தின்றது. அடுத்த முறை நன்னீரில் மூன்று தடவை அலசிக் காயவைத்துத் தூவினேன்.

இத்தகைய மேசைகளில் 'ஃபிடில் யார்ட்' என்று ஓர் இடம் இருக்கும். பார்வையாளர் காண்பது ஒரு நிலையம்தான். அங்கிருந்து புறப்படும் வண்டி எங்காவது போகவேண்டுமல்லவா? பலகையின் பின்புறம் ஒரு திரையிட்டு, அதன் மறைவில் சில தண்டவாளங்களைப் போட்டு, வண்டிகளை அங்கே ஒளித்து வைப்பார்கள். திரைக்கு முன்னால் உள்ளது ஊர்; பின்னால் உள்ளது மீதி உலகம் முழுவதும்.

2009 இல் ஒருநாள், பத்து வயதான என் மகள் கேட்டாள்:

"வாப்பா, மன்னார் இது. எங்கட பாலாவி எங்க?"

"அது திரைக்குப் பின்னால இருக்கு மகள்."

"ஏன் பின்னால?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் பாலாவியில் பிறந்தவள். மன்னாரைக் கண்ணால் கண்டதில்லை. அவளுடைய பள்ளிக்கூடம், சிநேகிதிகள், அருவாக்காட்டிலிருந்து சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் வண்டிக்கு அவள் கைகாட்டும் கடவை எல்லாமே நான் திரை போட்டு மறைத்திருந்த பக்கத்தில் இருந்தன. புரிந்தது. ஆனாலும் மேசையை மாற்றவில்லை. அடுத்த வருடம் வாப்பா காலமானார். அவர் சொன்ன இடத்தில் நட்ட கைகாட்டியைப் பிடுங்க எனக்கு அதன்பிறகு இன்னும் மனம் வரவில்லை.

2015 மார்ச்சில் தலைமன்னார்ப் பாதை மறுபடி திறக்கப்பட்டது. அந்த வருடமே மகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். வரைபடத்தில் பாலாவியும் மன்னாரும் ஒரே கரையில் மேலும் கீழுமாய் இருப்பவை. ஆனால் இரண்டையும் நேரே இணைக்கும் ரயில்பாதை என்றுமே இருந்ததில்லை. தெற்கே றாகமைவரை இறங்கி, அங்கே மாறி, பொல்காவலை, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி என்று ஆங்கில 'வி' எழுத்தைப்போல மறுபடி வடக்கே ஏறவேண்டும். மன்னாரில் இறங்கினோம். புதிய நிலையம், புதிய மேடை. என் மேசையில் இருந்த எதுவும் அங்கே இருக்கவில்லை. கழுதைகள் மட்டும் இருந்தன. எங்கள் பழைய வளவைக் காட்டினேன். மகள் மரியாதையோடு பார்த்தாள். பிறகு, வெயில் சாயும் நேரத்தில், மெல்லக் கேட்டாள்: "வீட்ட போற கோச்சி எத்தனை மணிக்கு வாப்பா?"

அவள் வீடு என்றது பாலாவியை. அதில் பிழை எதுவும் இல்லை.

திரும்பி வந்தபின் திரையைக் கழற்றினேன். பின்புறத் தண்டவாளங்களைப் பெயர்த்து, அங்கே பாலாவி நிலையத்தை அமைத்தோம். கட்டட வேலை முழுவதும் மகளுடையது. இதற்காக மன்னாரில் இரண்டடி போயிற்று: சரக்கு மேடை, அதன் பின்னிருந்த ஒழுங்கை, நான் கற்பனையில் அமைத்த எங்கள் வேலி. கைகாட்டி நின்ற இடத்தில் வளைவு வந்ததால் அதையும் எடுக்கவேண்டியதாயிற்று. பிடுங்கும்போது கை நடுங்கியது என்பதை மறைக்கப்போவதில்லை. கழுதைகளில் மூன்றைப் பாலாவிக்குக் கொடுத்தோம். புத்தளம் கரையிலும் கழுதைகள் உண்டு, அதில் பொய்யில்லை. பொய் வேறிடத்தில் இருக்கிறது: என் மேசையில் இரண்டு ஊர்களையும் நேராக இணைக்கும் ஒரு பாதை ஓடுகிறது. வாழ்நாளில் அறிந்தே வெளியிட்ட ஒரே பிழையான செய்தி அது.

இப்போதுதான் ஓட்டம் உண்மையில் சுவைக்கிறது. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் மோதாதிருக்க, 1878 இல் ரயர் என்ற ஆங்கிலேயர் ஒரு முறை கண்டுபிடித்தார். அந்தப் பகுதிக்குரிய உலோகத் தட்டு சாரதியின் கையில் கிடைத்தால்தான் வண்டி புறப்படலாம். அது மறுமுனை இயந்திரத்துக்குள் போய்ச் சேரும்வரை இன்னொரு தட்டு வெளிவராது. எங்கள் பாதையில் அதற்குப் பதிலாக வாப்பாவின் பழைய கோட்டுப் பொத்தான் ஒன்று இருக்கிறது. மகள் பாலாவியின் நிலைய அதிபர். நான் மன்னாரின் அதிபர். பொத்தான் அவளிடம் இருந்தால் நான் காத்திருக்கவேண்டும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் வெட்டப்பட்ட நாட்களில், களப்புக்கு அப்பால் நுரைச்சோலையில் நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையம் இருக்க, நாங்கள் மெழுகுதிரி வெளிச்சத்தில் 628 ஐக் கையால் தள்ளிக்கொண்டு பொத்தானை மட்டும் முறைப்படி மாற்றினோம்.

மகள் இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். விடுமுறைக்கு வந்தால் பையை வைத்ததும் தண்டவாளத்தைத் துடைக்கத் துணியைத் தேடுவாள். போகும்போது பொத்தானைத் தன் பணப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவாள். அவள் திரும்பும்வரை விதிப்படி ஒரு வண்டியும் புறப்பட முடியாது. நான் விதியை மீறுவதில்லை.

உம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். எண்பதைத் தாண்டிவிட்டார். நாங்கள் ஓட்டத் தொடங்கினால் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்காருவார். எப்போதும் மன்னார்ப் பக்கம்தான். பாலாவிப் பக்கம் வந்து பாருங்கள் என்று பேத்தி எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டாள். "நீ அனுப்பு மகள், நான் இங்கேயிருந்து பார்க்கிறேன்" என்பார்.

கைகாட்டி மரம் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.