டார்ச் வெளிச்சத்துல ரெண்டு கண்ணு

நேத்து விடிகாலை.
எண்ணூர் ரயில் பாலத்துக்குப் பக்கத்துல, சித்தப்பாகூட தூண்டில் போட்டு உக்காந்திருந்தேன்.

உயிர் இறால் மாட்டியிருந்தோம். நாலரை மணி இருக்கும், நரம்பு வெடுக்குனு இழுத்துச்சு.

கொடுவா!
ஒன்றரைக் கிலோ தேறும்.
டார்ச் அடிச்சா கண்ணு ரெண்டும் தணல் மாதிரி மின்னுது. இருட்டுல இரை தேடுற மீனாச்சே.

கடல் தண்ணி ஏறும்போது இதுவும் கூடவே கொசஸ்தலையாத்துக்குள்ள ஏறி வரும். ஏப்ரல் 15 பொறந்துட்டா 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போ எங்க காத்திவாக்கத்துல ஆத்து மீனுக்குத் தனி மவுசு.

சித்தப்பா மீனைக் கையில எடுத்ததும் செவுளைத் திறந்து மோந்து பார்த்தார்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து முகத்துவாரமே கறுத்துச்சே, அதுலேர்ந்து வந்த பழக்கம். அலையாத்தி வேரெல்லாம் தார் பூசின மாதிரி நின்னது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

"வாடை இல்லடா"ன்னார்.
அந்த முகத்துல வந்த சிரிப்பைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு.

பிடிச்ச மீனை மோந்து பார்க்காம நேரா வீட்டுக்கு எடுத்துட்டுப் போற காலம் எங்க ஆத்துக்குத் திரும்ப வருமா?