மக்ரூன்

ஊர் தூத்துக்குடி என்று சொன்னால் யாரும் என்னிடம் முத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. "அடுத்த தடவை வரும்போது மக்ரூன் வாங்கி வாருங்களேன்" என்கிறார்கள். அதுவும் நியாயந்தான். முத்துக் குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்று போயிற்று. மக்ரூன் நிற்கவில்லை.

சாமான் மூன்றே மூன்று: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு. வெள்ளைக்கருவை நுரை பொங்கி நிற்கும்வரை அடித்து, மற்ற இரண்டையும் பொடித்துக் கலந்து, காகிதக் கூம்பில் இட்டுச் சங்கு முனைபோல் பிழிந்து, இளஞ்சூட்டில் நெடுநேரம் வாட்டி எடுப்பார்கள். இத்தாலியில் இதன் மூதாதைக்குப் பாதாம் பருப்பு. இங்கே முந்திரி, அந்த முந்திரியும் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேஸிலிலிருந்து கொண்டுவந்ததுதான். பெயரும் அசலூர், பருப்பும் அசலூர். பண்டம் மட்டும் எங்கள் ஊர்.

எங்கள் வீடு, முட்டை என்ற சொல்லையே உரக்கச் சொல்லாத சைவ வீடு. அடுத்த வீடு தோணிக்காரர் வீடு. கிறிஸ்துமஸுக்கும், ஆகஸ்ட் 5-ஆம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்கும் அந்த வீட்டு அத்தை எங்களுக்குத் தட்டு அனுப்புவாள். அதில் வாழைப்பழமும் கற்கண்டும் இருக்கும். மக்ரூன் இராது. அதைப் புறவாசலில் என் உள்ளங்கையில் வைப்பாள். அங்கேயே தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவன்போல் வீட்டுக்குள் நுழைவேன். அம்மாவை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தும். அடுத்த திருவிழா வந்தால் உறுத்தல் பறந்துவிடும்.

போன வருஷம் அத்தை காலமானாள். துக்கம் கேட்டுத் திரும்பும்போது, கடைத்தெருவில் அம்மா நின்றாள்.

"கால் கிலோ மக்ரூன் வாங்குலே."

"அம்மா, அதிலே முட்டை..."

"தெரியும்லே. எனக்கா கேட்டேன்? நீ தின்னு. ஒங்கையிலே வைக்க இனிமே அவ இருக்காளா?"

நான் விழித்தேன்.

"வாயைத் துடைச்சே. சட்டையிலே கெடந்த தூளைத் துடைச்சியா? ஆனா, அதுக்கு முந்தியே எனக்குத் தெரியும். மொத நாளே எங்கிட்டே கேட்டுட்டுத்தான் ஒனக்குக் குடுத்தா. ஒங்க ஆச்சிக்குத் தெரியக் கூடாதுன்னு நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம்."

முப்பத்தைந்து வருஷமாக என்னுடையது என்று நான் வைத்திருந்த ரகசியம், இரண்டு பெண்கள் எனக்காகக் காத்துவந்த ரகசியம்!

பொட்டலத்தைப் பிரித்து, முதல் தடவையாக அம்மாவின் எதிரிலேயே ஒன்றை வாயில் போட்டேன். கரைந்தது. வாயைத் துடைத்துக்கொள்ளவில்லை, கண்ணைத்தான் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.