பஜ்ஜி சொஜ்ஜி இல்லாத பெண் பார்ப்பு

பெண் பார்க்கப் போன அனுபவம் உங்களில் பல பேருக்கு இருக்கும். போகாதவர்கள் கூடிய சீக்கிரம் போவீர்கள். சோபாவில் உட்கார்ந்து சொஜ்ஜியை விழுங்குவோம். 'போய் லெட்டர் போடறோம்' என்று பெரியவர்கள் எழுந்ததும் நாம் செருப்பைத் தேடுவோம். இப்போது லெட்டருக்குப் பதில் வாட்ஸப். மற்றபடி எல்லாம் அப்படியேதான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதே வைபவம் ஒரு வாரம் நடக்கிறது. பார்ப்பவர்களும் பெண்கள், பார்க்கப்படுபவர்களும் பெண்கள். மாப்பிள்ளை என்ற ஆசாமியே கிடையாது!

சமாசாரத்தின் பெயர் சொராரிட்டி. லத்தீனில் 'சொரோர்' என்றால் சகோதரி. கல்லூரிப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கணக்கு வாத்தியார் வைத்த மாதிரி பெயர்கள். பெரிய கல்லூரிகளில் ஒவ்வொரு சங்கத்துக்கும் தூண் வைத்த பங்களா உண்டு. வருஷச் சந்தா ஆயிரக்கணக்கான டாலர். நம் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், பி.பி. ஏறும்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? என் அக்கா மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். 2023 ஆகஸ்டில் தெற்குப் பக்கம் ஒரு மாநிலத்தில் காலேஜில் சேர்ந்தாள். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே இந்தக் கூத்து ஆரம்பித்துவிட்டது. அவள் தூங்கப் போகும் நேரம், நான் ஆபீஸ் கிளம்பும் நேரம். தினமும் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே போனில் நேரடி வர்ணனை கேட்டேன்.

முதலில் பணம் கட்டிப் பெயர் பதிய வேண்டும். போட்டோ, மார்க், ஸ்கூலில் என்ன கிழித்தாய் என்ற விவரம், எல்லாம் முன்கூட்டியே போய்விடும். ஜாதகம் மாதிரி. முதல் சுற்றில் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். இவளுக்குப் பன்னிரண்டு வீடு. கதவு திறந்ததும் உள்ளே ஐம்பது அறுபது பெண்கள் கைதட்டிக் கோஷம் போடுவார்கள். ஒருத்தி வந்து அழைத்துப் போய்ப் பேசுவாள். ஐந்து நிமிஷத்தில் இன்னொருத்தி வந்து தோளைத் தொடுவாள். முதல்வள் நகர, இரண்டாமவள் பேச்சைப் பிடித்துக்கொள்வாள். பிறகு மூன்றாமவள். வெளியே அனுப்பியதும் உள்ளே மார்க் போடுவார்கள்.

"பேசக் கூடாத விஷயம் அஞ்சு இருக்கு மாமா. பாய்ஸ், பூஸ், பைபிள், பேலட், பக்ஸ்."

அதாவது பையன்கள், சாராயம், மதம், ஓட்டு, பணம். இந்த ஐந்தையும் எடுத்துவிட்டால் நம் ஆபீஸ் கேன்டீனில் பேச என்ன மிச்சம் இருக்கும், சொல்லுங்கள்!

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இவளும் வீடுகளைப் பிடித்த வரிசையில் எழுதித் தர வேண்டும். வீடுகளும் தங்கள் பட்டியலைத் தரும். கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்திப் பார்த்து, மறுநாள் யார் யார் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும். பன்னிரண்டு ஒன்பதாகும், ஆறாகும், கடைசியில் இரண்டு. இதற்கு இருதரப்புத் தேர்வு என்று கௌரவமான பெயர்.

நம் இன்ஜினீயரிங் கவுன்சலிங் போலத்தானே என்று நினைத்தேன். ஒரு வித்தியாசம். அங்கே கட்-ஆஃப் மார்க் தெரியும். அரை மார்க்கில் போச்சு என்று தலையில் அடித்துக்கொள்ளலாம். இங்கே மார்க் உண்டு. ஆனால் வெளியே சொல்ல மாட்டார்கள்.

மூன்றாம் நாள் அவள் குரலே சரியில்லை. அவளுக்கு ரொம்பப் பிடித்த வீடு, எங்கே விழுந்து விழுந்து சிரித்தாளோ அதே வீடு, பட்டியலில் இல்லை.

"நான் என்ன மாமா தப்பாப் பேசினேன்?"

வழிகாட்ட ஒரு சீனியர் பெண்ணை வைத்திருக்கிறார்கள். அவளுக்கும் காரணம் தெரியாது. பிற்பாடு விசாரித்ததில் தெரிந்தது: எல்லோரும் ஆசைப்படும் வீடுகள் ஆரம்பத்திலேயே அதிகம் பேரைக் கழித்தாக வேண்டுமாம். போன வருஷங்களில் கூப்பிட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பார்த்து எண்ணிக்கையை நிர்ணயிக்கிறார்கள். அவள் தப்பாக எதுவும் பேசாமலே இருந்திருக்கலாம். வெறும் கணக்கு. ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் போய், 'நீ ஒரு வகுத்தல் கணக்கின் மீதி' என்று எப்படிச் சொல்வது?

சில சமயம் அது கணக்கும் இல்லை. 2013ல் அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகை 'கிரிம்சன் ஒயிட்' ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தது. நல்ல மார்க்கும் சிபாரிசும் இருந்த கறுப்பினப் பெண்ணைச் சேர்க்க உள்ளே இருந்த மாணவிகளே விரும்பியும், பழைய உறுப்பினர்கள் தடுத்திருக்கிறார்கள். மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். நிர்வாகம் தலையிட்டுக் கதவைத் திறக்க வைத்தது. 2021ல் அதே பல்கலைக்கழகத்துப் பெண்கள் 'இன்று என்ன உடுத்தியிருக்கிறேன்' என்று டிக்டாக்கில் போட்டு உலகப் புகழ் அடைந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஆரம்பித்த சங்கங்கள் இவை. ஆண்களின் சங்கத்தில் இடமில்லை என்றுதான் 1870ல் இண்டியானாவில் நாலு பெண்கள் கப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரப் பெண்களின் சங்கங்களில் இடமில்லாத காலத்தில், 1908ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பிறந்தது. நம் சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986ல் சேர்ந்தது அதில்தான். 1998ல் டெக்சாஸில் தெற்காசியப் பெண்கள் தங்களுக்கென்று தனியே தொடங்கினார்கள். ஒரு கதவு மூடினால் இன்னொரு வீடு கட்டுகிறார்கள். அதற்கும் ஒரு கதவு வைக்கிறார்கள்.

அன்று ராத்திரி அக்கா மகளிடம் பேசினாள். 1999ல் அக்காவை மூன்று பேர் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் லெட்டரே போடவில்லை. அம்மா தபால்காரரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"இருபது நிமிஷத்துல உன்னை எவளுக்குடி தெரியும்? அவங்க வேண்டாம்னு சொன்னது உன்னை இல்லை. அந்த இருபது நிமிஷத்தை" என்றாளாம்.

கடைசி ராத்திரி இரண்டு வீடு. வரிசைப்படுத்திக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதிக் கொடுத்த வீடு அழைத்து, நாம் மாட்டேன் என்றால், அந்தக் காலேஜில் ஒரு வருஷத்துக்கு இந்த வகை வீடு எதிலும் சேர முடியாது. மறுநாள் கவரில் அழைப்பு வரும். அதற்கு 'பிட்' என்று பெயர். பரீட்சை ஹால் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. இவளுக்கு இரண்டாவதாக எழுதிய வீடு கிடைத்தது. சில வாரம் கழித்து ரகசியச் சடங்கு, பின் குத்தி முழு உறுப்பினராக்கிவிட்டார்கள்.

2024 ஆகஸ்டில் அவள் கதவுக்கு உள்பக்கம் நின்றாள். கைதட்டினாள், தோளைத் தொட்டாள், மார்க்கும் போட்டாள்.

"யாருக்கு எவ்வளவு போட்டே?" என்று கேட்டேன்.

"அது ரகசியம், சொல்லக் கூடாது மாமா. ஒண்ணு மட்டும் சொல்றேன். கை நடுங்கற பொண்ணு வந்தா நான் கேள்வி கேட்க மாட்டேன். முதல்ல உட்கார வெச்சுத் தண்ணி கொடுப்பேன். அப்புறம் நான்தான் பேசுவேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோபாவில் உட்காரப் போகிறவர்கள் கவனிக்க. பெண் காபித் தட்டோடு வரும்போது டம்ளர் லேசாகத் தடதடக்கும். பாடத் தெரியுமா என்று கேட்காதீர்கள். எழுந்து தட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ராத்திரிக்குள் ஒரு வரி தகவல் அனுப்புங்கள்.