வாலால் திரும்பும் வண்டி

எங்கள் எருமப்பட்டிப் பக்கம் பிள்ளை பிறந்தால், ஜாதகம் எழுதுவதற்கு முன்னால் ‘ஸ்டியரிங் பிடிக்கிற கையா?’ என்றுதான் பார்ப்பார்கள். நாமக்கல் ஜில்லா என்றால் சும்மாவா? அதனால்தானோ என்னவோ, பி.காம். படித்த எனக்கும் ராக்கெட்டைப் பார்த்தால் தோன்றுகிற முதல் சந்தேகம்: ‘இதுக்கு ஸ்டியரிங் எங்கே?’

கிடையாது சார்! காற்றே இல்லாத உயரத்தில் சுக்கானை ஆட்டி என்ன பிரயோஜனம்? திருப்புவதெல்லாம் வாலில்தான். உள்ளங்கையில் துடைப்பக் குச்சியை நிற்க வைத்து விளையாடியிருப்பீர்களே... அதே வித்தை! நெருப்பு கக்கும் வாய்க்கு ‘நாஸில்’ என்று பெயர். அதைத் துளி வலப்பக்கம் திருப்பினால் வால் இடப்பக்கம் தள்ளப்படும். மூக்கு வலப்பக்கம் திரும்பும்.

நம் பி.எஸ்.எல்.வி.யில் கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு டெக்னிக். முதல் கட்டத்தில் நாஸில் அசையாது. அதற்குள் பக்கவாட்டிலிருந்து ஸ்ட்ரான்ஷியம் பெர்குளோரேட் கரைசலைப் பீய்ச்சுவார்கள். ஒலியைவிட வேகமாகப் பாயும் வாயு அதில் மோதித் திசை மாறும். இரண்டாம் கட்டத்தில் விகாஸ் இன்ஜினே 4 டிகிரி வரை ஆடும். மூன்றாவதில் வளைந்து கொடுக்கும் மூட்டு வைத்த நாஸில், 2 டிகிரி திரும்பும். அவ்வளவேதான்! நம்ம ஊர் டிரைவர் பீடி பற்ற வைக்கும்போதே வண்டி அதைவிட அதிகம் திரும்பிவிடும்.

ஆனால், அந்தத் துளியில்தான் உயிரே இருக்கிறது. 1993 செப்டம்பர் 20. பி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம். இரண்டாம் கட்டம் கழன்றபோது ஒரு குலுக்கல். திருப்பச் சொல்லும் கட்டளை உச்சவரம்பைத் தாண்ட, மென்பொருளில் பதுங்கியிருந்த பிழை வேலையைக் காட்டிவிட்டது. செயற்கைக்கோளோடு எல்லாம் போச்சு!

பிளஸ் டூ பிசிக்ஸில் கோட்டை விட்ட அக்கா மகனை லாரியில் கிளீனராக ஏற்றிவிடத் துடித்துக்கொண்டிருந்த மச்சானிடம் இதைச் சொன்னேன். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். பதறிப் போய்விட்டார்.

“அப்புறம் என்ன மாப்ளே, கடையைச் சாத்திட்டாங்களா?”

“இல்லீங்க மச்சான். தப்பைக் கண்டுபிடிச்சு, 1994 அக்டோபர் 15-ல மறுபடி விட்டாங்க. ஜெயிச்சுது. அப்புறம் 2008-ல சந்திரயானைத் தூக்கிட்டுப் போனதும் இதே ரகம்தான்.”

“பின்னே? ஒரு லோடு கவுந்துச்சுன்னா வண்டியையா வித்துப்போடறது?” என்றார் பெருமையாக.

மூலையிலிருந்து பையன் மெல்லக் கேட்டான்: “அப்படின்னா எனக்கு மறுபரீட்சைக்குப் பணம் கட்டுவீங்களாப்பா?”

மச்சான் என்னை முறைத்தார். மகனைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

மனுஷன் இரண்டு டிகிரி திரும்பிவிட்டார்!