கோட்டைக்குள் மான்கள்

அம்மையை இந்தத் தடவை எப்படியாவது சென்னைக்கு அழைத்து வந்துவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் ஊருக்குப் போனேன். எழுபது வயதில் தனியாக இருக்கலாமா, சொல்லுங்கள்! நயமாகப் பேசிப் பார்க்கலாமென்று, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற சாலையில், புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப் போனேன்.

கோட்டைக்குள் வனத்துறையாரின் பூங்கா. மர நிழலில், கம்பி வேலிக்குள் மான்கள் சாவதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி டிலனாயின் கல்லறை. 1741-ல் குளச்சல் போரில் தோற்றுக் கைதியானவர். பிறகு மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, தளபதியாகி, 1777-ல் காலமாகும்வரை திருவிதாங்கூரிலேயே தங்கிவிட்டார். கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது.

“பார்த்தாயா அம்மா, கடல் கடந்து வந்த மனுஷருக்கே இந்த ஊர் பழகிப் போயிற்றே!” என்று மெல்ல ஆரம்பித்தேன்.

அம்மை மான்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அவருக்கு இங்கே சோலி இருந்தது, மக்களே. மெட்ராஸிலே எனக்கு என்ன சோலி? இதுகளைப்போல வேளாவேளைக்குத் தின்னுட்டு, கம்பிவழியா ரோட்டைப் பாத்துட்டு நிக்கணும்!”

நான் வாயைத் திறக்கவில்லை. தனியாகத்தான் ரயில் ஏறினேன். இனி மாதம் ஒருமுறை நான்தான் போய் வரவேண்டும், வேறென்ன செய்வது?